மேட்டில் இழுக்காத வண்டி

"அண்ணா, ரோட்டுல நல்லாத்தான் போகுதுங்க. மேடு வந்துட்டா இழுக்க மாட்டேங்குது."

நாமக்கல், சேலம், மேட்டுப்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் பழைய டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். வண்டிக்குப் பத்துப் பதினைந்து வயது இருக்கும். காலையில் சாவி திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் சீராக நிற்கிறது, சமவெளியில் அறுபதில் போகச் சொன்னால் போகிறது. காரவள்ளியைத் தாண்டிக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும்தான் சிக்கல். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவது கேட்கிறது. இரண்டாவதில் ஏறிய இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

கேட்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். இன்ஜின் கெட்டிருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா தெரிய வேண்டும்? பள்ளிக்கூட இயற்பியல் இதற்குப் பதில் சொல்லிவிடும். சரக்கோடு 2.8 டன் எடையுள்ள ஒரு பிக்கப், சமமான தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, டயர் உராய்வையும் காற்றுத் தடையையும் வென்றால் போதும். அதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறத்தாழ 16 குதிரைத்திறன். அதே வண்டி, 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் வெறும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே கிட்டத்தட்ட 30 குதிரைத்திறன் வேண்டும். 2.8 டன்னைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை அது.

புதிதாக இருந்தபோது 63 குதிரைத்திறன் தந்த இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸிலும் கிரவுனிலும் கொஞ்சம் போகும். மலைமேல் காற்றின் அடர்த்தி குறைவதால் இன்னும் கொஞ்சம் போகும். கடல் மட்டத்தில் இருப்பதைவிட 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைவு. ஊட்டியின் 2,240 மீட்டரில் 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் திறனும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கும். இத்தனை போன பிறகு, உண்மையான ஒரு கோளாறு மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால், சமவெளிக்குத் தேவையான 16 அப்போதும் தாராளமாக இருக்கும். மேட்டுக்கான 30-இல்தான் பற்றாக்குறை வெளிப்படும். ஓட்டுநர் சொன்னது அவ்வளவும் சரி. கோளாறு நேற்று வந்ததாக இருக்க வேண்டியதில்லை, மாதக்கணக்கில் வளர்ந்திருக்கலாம்.

இதனால்தான் அளவு முக்கியமாகிறது. "முன்ன மாதிரி இல்லை" என்பது ஒரு தொடக்கம்தான். பட்டறையில் டைனமோமீட்டர் இல்லாவிட்டாலும் அளக்க முடியும். ஆள் நடமாட்டமில்லாத, நேரான, சமமான சாலையில் மூன்றாவது கியரில் 30-இலிருந்து 60-க்கு வேகம் கூட எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செல்பேசியில் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு டன் வண்டியை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக 208 கிலோஜூல் ஆற்றல் தேவை. 10 நொடியில் முடித்தால் சராசரியாக 21 கிலோவாட் அதற்குச் செலவாகியிருக்கிறது. 16 நொடி ஆனால் 13 கிலோவாட்தான். அதே சாலை, அதே எடை, அதே ஆள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டி தேறியதா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது. பத்து நிமிட வேலை இது. பட்டறைகளில் இதைச் செய்பவர்கள் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. ஃபில்டரை மாற்றி, நாசிலை மாற்றி, பம்பைக் கழற்றி, ஒவ்வொரு முறையும் "இப்ப பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே பத்தாயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் அதிகம்.

இன்ஜினில் கைவைக்கும் முன், பழி உண்மையில் இன்ஜின் மேல்தானா என்று பார்க்க வேண்டும். கிளட்ச் நழுவினால் மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இன்ஜின் சத்தமும் சேர்ந்து இறங்கினால் கிளட்ச் குற்றவாளி இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் சமதளத்தில் நியூட்ரலில் விட்ட வண்டி சீக்கிரமே நின்றுவிடும். சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைத் தொடாமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்றில் மட்டும் அனல் வீசும். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுபோன பழைய வண்டிகளில் இது சாதாரணம்.

அடுத்தது இன்னும் எளிது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து டீசல் பம்பின் மேலுள்ள நெம்புகோலைப் பார்க்க வேண்டும். அது கடைசி எல்லைத் திருகை முட்டுகிறதா? கேபிள் நீண்டுபோயிருந்தால், பெடலின் கீழ் தடித்த ரப்பர் விரிப்பு மடங்கிக் கிடந்தால், நெம்புகோல் முக்கால்வாசியில் நின்றுவிடும். ஓட்டுநர் முழுக்க மிதிக்கிறார், ஆனால் பம்புக்குக் கிடைப்பது முக்கால் ஆணைதான். ஒரு நட்டைத் திருப்பினால் தீரும் கோளாறு இது.

இதற்கு அப்பால், எரிதலின் கணக்குக்குள் நுழைய வேண்டும். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 3,200 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. எடையில் அது 3.7 கிலோவுக்கு மேல். முழுச்சுமையில் அதே நிமிடத்தில் எரிவது 200 கிராமுக்கும் சற்றுக் குறைவான டீசல், அதாவது கால் லிட்டர்கூட இல்லை. பெட்ரோல் பங்கில் தெரியும் டீசல் விலைதான் ஓட்டுநரின் மனதில் நிற்கிறது. ஆனால் எடையில் இன்ஜின் தின்பது பெரும்பாலும் காற்றையே.

டீசல் இன்ஜினுக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கும் உள்ள ஓர் அடிப்படை வேறுபாடு இங்கே கைகொடுக்கிறது. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டர் காற்றின் வழியைத் திறந்து மூடுகிறது. பழைய டீசல் வண்டியில் காற்றுப்பாதை எப்போதும் திறந்தே இருக்கும். மிதிக்க மிதிக்கக் கூடுவது டீசல் மட்டும். டீசல் முழுதாக எரிய எடையில் 14.5 மடங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. ஆனால் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. அதனால் 18, 20 மடங்கு காற்றாவது இருந்தால்தான் புகையில்லாமல் எரியும்.

இதிலிருந்துதான் பட்டறைக்காரரின் முதல் பெரிய தடயம் கிடைக்கிறது: மேட்டில் முழுக்க மிதித்தபோது சைலன்சரில் என்ன வருகிறது?

கரும்புகையைத் தள்ளிக்கொண்டு சக்தியில்லாமல் ஏறினால், டீசல் போகிறது, எரியப் போதிய காற்று இல்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்று பொருள். புகையே இல்லாமல், சுத்தமாக, ஆனால் சோர்ந்து ஏறினால் டீசலே போதுமான அளவு போய்ச்சேரவில்லை. இரண்டும் வேறுவேறு உலகங்கள். முதலாவதில் தேட வேண்டிய இடம் காற்றுப்பாதை, டீசலைத் தூவும் நாசில், டர்போ. இரண்டாவதில் டேங்க் முதல் பம்பு வரை. கண்ணைக் கரிக்கும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமலே ஆவியாக வெளியேறுகிறது, டைமிங்கையோ கம்ப்ரஷனையோ சந்தேகிக்க வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பின்னால் வேறொரு வண்டியில் ஒருவரை வரச்சொல்லி இதை மட்டும் கவனித்துச் சொல்லச் செய்தால், பாதித் தேடல் முடிந்துவிடும்.

கரும்புகை வண்டியிலிருந்து தொடங்கலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. தெளிவான பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள பாதையில் பொருத்தி, மறுமுனையைத் திறந்து விடுகிறார்கள். இன்ஜின் வேகமாக ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறார்கள். வித்தியாசம் 60 சென்டிமீட்டரை நெருங்கினால் ஃபில்டரின் ஆயுள் முடிந்தது. அழுத்தத்தில் அது 6 கிலோபாஸ்கல், வளிமண்டலத்தின் ஆறு சதவீதம். கொல்லிமலை அடிவாரத்தில் நிற்கும்போதே இன்ஜின் இன்னும் 500 மீட்டர் உயரத்தில் சுவாசிக்கிறது என்று அர்த்தம்.

நெல் அறுவடைக் காலத்துத் தூசும் செங்கல் சூளைச் சாலைகளின் மண்ணும் காகித ஃபில்டரைச் சில வாரங்களிலேயே அடைத்துவிடும். அப்போது கம்ப்ரஸரில் ஏர் அடித்து மறுபடி மாட்டுவது ஊர் வழக்கம். பலமாக ஏர் அடித்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். பிறகு சக்தி கூடும், வண்டிக்காரர் மகிழ்வார். ஆனால் அந்தக் கிழிசல் வழியே போகும் மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாளாகத் தேய்க்கத் தொடங்கியிருக்கும். முன்னூறு, நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இன்ஜினையே பிரிக்க வேண்டி வருவது இப்படித்தான்.

ஃபில்டர் சரியாக இருந்தும் காற்று குறைந்தால், கொஞ்சம் உள்ளே போக வேண்டும். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டிகளில், அந்தக் கரியும் இன்ஜினின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டின் உட்சுவரில் தார் போலப் படிகின்றன. பல ஆண்டு திறக்காத மேனிஃபோல்டைக் கழற்றினால், மூன்று விரல் நுழைய வேண்டிய துளையில் ஒரு விரல்தான் நுழையும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்னும் மோசம். புதுக் காற்றின் இடத்தை ஏற்கெனவே எரிந்த, ஆக்சிஜன் குறைந்த புகை பிடித்துக்கொள்கிறது.

டர்போ உள்ள வண்டியில் சந்தேகம் முதலில் டர்போவின் மேல்தான் பாய்கிறது. விலை அதிகமுள்ள பாகம் என்பதால் அவசரமாக முடிவெடுக்கக் கூடாத இடமும் அதுதான். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கத்தில் வெடித்திருந்தாலும் அதே கரும்புகை, அதே சோர்வு. ஐடிலில் வெடிப்பு மூடியே இருக்கும், அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். ஹோஸின் இணைப்பில் புதிதாக எண்ணெய்க் கறை படிந்திருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. சோப்புத் தண்ணீர் பூசி, காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தால் நுரை காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்கும் முறை வர வேண்டும். சுற்றும்போது தகடுகள் உறையில் உரசினாலோ, உரசிய பளபளப்பு தெரிந்தாலோ அப்போது டர்போவைக் குறை சொல்லலாம்.

இனிப் புகையில்லாமல் சோரும் வண்டி. இங்கேதான் கண்டுபிடிப்பின் சுவை அதிகம்.

பழைய பிக்கப்கள் பலவற்றில் டேங்கிலிருந்து டீசலை மேலே கொண்டுவருவது பம்பு தானே உறிஞ்சும் இழுவைதான். இளநீரில் ஸ்ட்ராவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினால் என்ன ஆகுமோ, அதுதான் அடைத்த ஃபில்டரிலும் நசுங்கிய பைப்பிலும் நடக்கிறது. ஐடிலுக்குத் தேவையான கொஞ்சம் டீசல் வந்துவிடும். முழுச்சுமைக்குரியது வராது. டீசல் ஃபில்டரை மாற்றுவது முதல் வேலை, எல்லோரும் செய்வதும் அதுதான். ஆனால் டேங்குக்குள்ளே இருக்கும் சிறு வலை வடிகட்டியையும், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வயதான ரப்பர் குழாயின் உள்தோல் சில சமயம் உரிந்து நாக்கு போலத் தொங்கும். மெதுவாக இழுத்தால் வழி விடும், வேகமாக இழுத்தால் அடைத்துக்கொள்ளும். வெளியே தடவிப் பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும்.

டேங்க் மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போவதற்கான வழி அது. மண் அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகும். வண்டி முதல் அரை மணி நேரம் நன்றாக இழுக்கும், பிறகு சோரும். டீ குடிக்க நிறுத்திக் கிளப்பினால் மறுபடி நன்றாகப் போகும். இந்த அடையாளத்தோடு வரும் வண்டியில், சோர்ந்த அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் காற்று உஸ்ஸென்று உள்ளே பாயும். அந்தச் சத்தமே விடை. ஒரு குண்டூசியில் முடியும் வேலை.

உறிஞ்சும் பக்கத்தின் இன்னொரு வினோதம், அங்கே ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே ஒழுகாது. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் வெளிக்காற்று உள்ளே நுழையும். வண்டியின் அடியில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. "லீக்கே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதைப் பிடிக்க ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெளிவான டீசல் ஹோஸைச் சொருகி வண்டியை முடுக்கிப் பார்க்கிறார்கள். நல்ல வண்டியில் டீசல் அசைவது கூடத் தெரியாது, வெளிர் மஞ்சளாக நிற்கும். காற்று நுழையும் வண்டியில், முடுக்கும்போது ஊசிமுனைக் குமிழ்கள் ஒரு வரிசையாக ஓடும். சில நொடிகளில் அவை சேர்ந்து பெரிய குமிழாகி மேலே தங்கும், பிறகு ஒரே அடியாகப் பம்புக்குள் போகும். அந்த நொடியில் இன்ஜின் விக்கும்.

அந்தக் குமிழ் ஏன் அவ்வளவு கெடுதல் செய்கிறது? கணக்கு ஆச்சரியமானது. முழுச்சுமையில் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டருக்குள் தூவப்படும் டீசல் 40 கன மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு சொட்டுகூட இல்லை. கடுகளவு குமிழ் அதில் பத்தில் ஒரு பங்கு. மேலும், 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் டீசல் தன் கனஅளவில் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது. காற்று நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பம்பின் பிளஞ்சர் தள்ளுகிறது, குமிழ் சுருங்கிக் கொடுக்கிறது, நாசில் திறக்கத் தேவையான அழுத்தம் எட்டவே இல்லை. அந்தச் சிலிண்டருக்கு அந்த முறை டீசல் கிடையாது.

இந்தத் துல்லியம் எளிதில் வந்ததல்ல. ருடால்ஃப் டீசல் 1893-இல் தன் காப்புரிமையைப் பெற்றார். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் இன்ஜின் ஒழுங்காக ஓடி, பேராசிரியர் ஷ்ரோட்டரின் சோதனையில் 26 சதவீதச் செயல்திறனைக் காட்டியது 1897-இல். அந்த இன்ஜின் டீசலைத் தூவுவதற்கென்றே தனியாக ஒரு காற்று கம்ப்ரஸரைச் சுமந்தது. லாரிக்குள் அடங்கும் வடிவம் வர, 1927-இல் ராபர்ட் போஷின் நிறுவனம் உயரழுத்தப் பம்பைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவந்தது. நிறுவனம் 2008-இல் போஷ் என்று பெயர் மாறியும், பட்டறைகளில் இன்றும் அது மைக்கோ பம்புதான்.

பம்பின் உள்ளே பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதற்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது. டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய் கலந்த டீசல் இங்கேதான் கொல்கிறது. அது மெலிது, வழவழப்பும் குறைவு. தேய்ந்த பம்பில் டீசல் நாசிலுக்குப் போகாமல் இடைவெளி வழியே திரும்பி வழிந்துவிடும். சூடு ஏறினால் டீசல் இன்னும் மெலிவதால், காலையில் நன்றாக இழுத்து மதியத்தில் சோர்ந்துபோகும் வண்டியில் பம்பின் தேய்மானத்தைச் சந்தேகிப்பதற்கு இடமுண்டு.

கந்தகம் குறைந்த டீசலின் மேல் பழி போடும் பேச்சையும் அடிக்கடி கேட்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவது உண்மை. ஆனால் அதை ஈடுகட்டச் சேர்மானங்கள் சேர்க்கப்படுகின்றன, வழவழப்புக்கென்றே தரநிலையில் தனி வரம்பும் இருக்கிறது. பழைய வண்டிகள் கவனிக்க வேண்டியது ரப்பர் வளையங்களை. 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பழைய டீசலில் ஊறி உப்பிப்போயிருந்த நைட்ரைல் ரப்பர் வளையங்கள் சுருங்கிப் பல வண்டிகளின் பம்புகள் கசிந்தன. பம்பில் ஈரம் தெரியும் பழைய வண்டிக்கு முதலில் தேவை ஒரு சீல் கிட்.

எதையும் பார்க்காமல் சிலர் செய்யும் ஒரு வேலையைப் பற்றி உரக்கச் சொல்லியாக வேண்டும். பம்பின் பின்னால் முழுச்சுமை அளவைத் தீர்மானிக்கும் திருகு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் சீல் வைத்து அனுப்புவார்கள். அதைக் கால் சுற்று உள்ளே திருகினால் டீசல் கூடும், அன்றைக்கு வண்டி இழுக்கும். ஏர் ஃபில்டர் அடைத்த வண்டியில் இதைச் செய்தால் காற்றுப் பற்றாக்குறை இன்னும் மோசமாகும். எரிதல் நீண்டு, வெளியேறும் புகையின் வெப்பம் ஏறி, பிஸ்டனின் தலையும் எக்ஸாஸ்ட் வால்வும் கருகத் தொடங்கும். உண்மையான கோளாறு மறைந்துபோய், மூன்று மாதம் கழித்து ஐம்பது மடங்கு செலவோடு திரும்பி வரும். சீல் உடைந்த பம்போடு வரும் வண்டியைக் கண்டால், நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது "இதை யார் தொட்டது?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

காற்றும் டீசலும் பம்பு வரை சரியாக வந்தால், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தேட வேண்டும். பழைய பம்பு வண்டிகளில் ஐடிலில் வைத்து, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்க்கிறார்கள். நன்றாக உழைக்கும் சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர் முன்பே படுத்துவிட்டது. எளிய சோதனைதான், ஆனால் ஆபத்தில்லாதது இல்லை. நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை காப்பாற்றாது. காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது, தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். அனுபவமுள்ளவர், முகத்தையும் கையையும் விலக்கி, துணி சுற்றி மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பழைய பம்புக்குப் பதிலாகக் காமன் ரெயில் முறை உள்ள வண்டிகளில் அழுத்தம் ஆயிரம் மடங்கைத் தாண்டுவதால், இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது.

படுத்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி, கைப்பம்பு வைத்த சோதனைக் கருவியில் மாட்டினால் அதன் குணம் தெரிந்துவிடும். நல்ல நாசில் குறித்த அழுத்தம் வந்ததும் கிரீச்சென்று பனிப்புகையாகத் தூவும், நிறுத்தியதும் நுனி உலர்ந்திருக்கும். கெட்ட நாசில் கோடாக ஒழுக்கும், நுனியில் சொட்டு நிற்கும். அந்தச் சொட்டு எரியாத கரியாகிக் கரும்புகையில் சேரும். நாசில்கள் சரியாக இருந்து நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவுக்குச் சோர்ந்தால் டைமிங்கைப் பார்ப்பார்கள். 3,000 சுற்றில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் நொடியில் 18,000-இல் ஒரு பங்கு. பெல்ட் ஒரு பல் தாண்டினாலே கணக்கு பல டிகிரி பிசகிவிடும். தாமதமாகத் தூவிய டீசல், பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகு எரிந்து, சக்கரத்துக்குப் போக வேண்டிய ஆற்றலைச் சைலன்சருக்குக் கொடுக்கிறது. சைலன்சரையே சந்தேகிக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. உள்தகடு உடைந்து வழியை அடைத்திருந்தால், முன்பக்க இணைப்பைத் தளர்த்தி ஓட்டியதும் காதைப் பிளக்கும் சத்தத்தோடு சக்தியும் திரும்பும்.

கடைசியில் மிஞ்சுவது கம்ப்ரஷன். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பதினெட்டு மடங்கு நெருக்கப்பட்ட காற்று 550 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாவதால்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. ரிங் தேய்ந்தோ, வால்வு சரியாக அமராமலோ காற்று கசிந்தால் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே விழும். நல்ல இன்ஜினில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே 25 முதல் 30 பார் காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட ஐந்தாறு பார் இறங்கியிருந்தால் காரணம் அங்கே இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்கான கேஜை இதில் மாட்டக் கூடாது, முள் எல்லையைத் தாண்டிவிடும்.

இன்ஜினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. முதலில் டேப்பெட் இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, அதைச் சரிசெய்தாலே அழுத்தம் மீண்டுவிடலாம். அப்படியும் மீளவில்லை என்றால், சந்தேகத்துக்குரிய சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வண்டியைக் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நாசில் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துக் காதால் தேடுகிறார்கள். ஏர் ஃபில்டர் குழாயில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழ் கிளம்பினால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் வெடிப்பு. இம்மூன்றுக்கும் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், வேலை இரண்டு மூன்று நாளில் முடியும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே காற்று பலமாக வந்தால் ரிங் போய்விட்டது. அப்போதுதான் இன்ஜினை இறக்கிப் போர் செய்வதா, ஸ்லீவ் மாற்றுவதா, இந்த வயது வண்டிக்கு அந்தச் செலவு கட்டுமா என்று வண்டிக்காரரும் மெக்கானிக்கும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.